நூலக அலமாரியில் ஒரு மென்பொருள்

(திருப்பருத்திக்குன்றத்தில் வாசகர்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் மேலைச் சாளுக்கிய நாட்டில் அத்திமப்பே என்றொரு சமணப் பெண்மணி இருந்தார். கன்னடக் கவிஞர் பொன்னர் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதச் செய்து அவர் ஊர் ஊராக வழங்கினார். அச்சு இல்லாத காலம் அது. ஒவ்வொரு படிக்கும் ஓலை வாரிப் பதப்படுத்த வேண்டும். ஒருவர் நாள்கணக்கில் உட்கார்ந்து எழுத்தாணியால் கீற வேண்டும். பிறகு மை தடவ வேண்டும். இதை ஆயிரம் முறை செய்யச் செலவு எவ்வளவு ஆகியிருக்கும்! அவருக்குத் ‘தான சிந்தாமணி’ என்று பட்டம் கொடுத்தது நியாயம்தான்.

அத்திமப்பேயின் நாடு வேறு, மொழி வேறு. இருந்தாலும் ஜினகாஞ்சி என்று பெயர் பெற்ற இந்த ஊரில் அவரை நினைக்கக் காரணம் உண்டு. உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம் என்று நான்கு தானங்களைச் சமணம் சொல்கிறது. பசித்தவருக்குச் சோறு போடுவதும் படிக்க விரும்புகிறவருக்கு ஏட்டைப் படியெடுத்துக் கொடுப்பதும் அங்கே ஒரே வரிசையில் வருகின்றன. 1887-இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது, சமண நெறி சார்ந்த இடங்களுக்குப் பொருள் சொல்லித் துணைநின்றவர்கள் கும்பகோணத்துச் சமணர்கள். இந்த ஊர்த் திரைலோக்கியநாதர் கோயிலில், விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-இல் எழுப்பிய சங்கீத மண்டபத்தின் விதானத்தை அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: ரிஷபநாதர், நேமிநாதர், வர்த்தமானர் கதைகள் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. ஏடு படிக்கத் தெரியாதவருக்கும் அந்தக் கதைகள் கிடைத்தன.

இன்றைய பொருள் மென்பொருள். ஒரு மென்பொருளைப் படியெடுக்க ஓலையும் வேண்டாம், எழுத்தாணியும் வேண்டாம். சில நொடிகள் போதும். ஆனால் நம் அலுவலகங்களிலும் வீடுகளிலும் ஓடுகிற மென்பொருள்களில் பெரும்பாலானவை படியெடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வருகின்றன. அவை எப்படி இயங்குகின்றன என்று பார்க்கவும் முடியாது. இதற்கு மாற்றாக 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்ற இயங்குதளக் கருவை வெளியிட்டார். எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று படிக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம், திருத்தி மேம்படுத்தலாம் என்ற நான்கு உரிமைகளோடு வருபவை இந்த வகை மென்பொருள்கள். திறமூல மென்பொருள் என்கிறார்கள் சிலர், கட்டற்ற மென்பொருள் என்கிறார்கள் சிலர். இரண்டு பெயர்களுக்கும் பின்னால் ஒரு பெரிய சண்டையே உண்டு. அதற்குள் இன்று போக வேண்டாம்.

தமிழ்நாட்டில் இந்த மென்பொருளைப் பரப்ப முதலில் நாட வேண்டிய இடம் பொது நூலகம் என்பதே இந்த உரையின் வாதம். பள்ளிக்கூடமும் அரசு அலுவலகமும் அதற்குப் பின்னால்தான் வரும்.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் அவர் எழுதிய ஐந்து விதிகள் இன்றும் உலகமெங்கும் நூலகவியல் மாணவர்களுக்குப் பாடம். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தைச் சேமி, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்று மற்றவை போகும். அதே 1931-இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பியபோது, அதைத் தொடங்கிவைத்தவரும் ரங்கநாதன்தான். வாசகர் வரமுடியாத இடத்துக்கு நூல் போக வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அவருடைய விடாமுயற்சியின் விளைவுதான் 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த காலம். அந்தச் சட்டத்தின் உயிர்நாடி ஒரு சின்ன ஏற்பாட்டில் இருக்கிறது: சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கப்படும். இப்போது அது சொத்து வரியில் பத்து சதவீதம். இந்த அவையில் வீட்டு வரி கட்டுகிற ஒவ்வொருவரும், ரசீதைக் கூர்ந்து பார்த்திருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு நூலகத்தின் பங்குதாரர். மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று நாலாயிரத்துக்கு மேற்பட்ட நூலகங்கள் இந்த மாநிலத்தில் உள்ளன. பொதுப்பணத்தில் வாங்கிப் பொதுவில் வைத்து, யார் என்று கேட்காமல் படிக்கக் கொடுக்கிற அமைப்பு இவ்வளவு பரவலாக நம்மிடம் இன்னொன்று இல்லை. ரேஷன் கடைக்குக்கூட அட்டை வேண்டும். நூலகத்தில் நாளிதழ் படிக்க எதுவும் வேண்டாம்.

அப்படிப்பட்ட இடத்தின் கணினியில் எந்த மென்பொருள் இருக்க வேண்டும் என்பது வெறும் கொள்முதல் கேள்வியாகிவிடக் கூடாது.

இந்தக் கேள்விக்கு முதன்முதலில் துணிந்து பதில் சொன்னது ஒரு சின்ன ஊர். நியூசிலாந்தின் வெலிங்டனுக்கு வடக்கே லெவின் என்ற ஊரிலும் அதைச் சுற்றியும் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளை என்ற அமைப்பு சில நூலகங்களை நடத்திவந்தது. 1999-இல் அவர்களுக்கு ஒரு தலைவலி. பழைய நூலக மென்பொருள் 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் தேதியைத் தப்பாகக் கணக்கிட்டு நின்றுவிடும். அந்தக் காலத்து ஒய்-டூ-கே பயம் நினைவிருக்கும். புதிதாக வாங்கலாம் என்று பார்த்தால் விலை கட்டுப்படியாகவில்லை. கிளை நூலகங்களை இணைக்கத் தனித் தொலைபேசித் தடங்களுக்கும் செலவு. தலைமை நூலகர் ரோசலி பிளேக் உள்ளிட்டவர்கள் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: நாமே எழுதிக்கொள்வோம். கட்டிப்போ கம்யூனிகேஷன்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் கிறிஸ் கார்மக் முதலிய நிரலாளர்கள், சாதாரண இணைய உலாவியிலேயே இயங்கும் ஒரு நூலக மென்பொருளைச் சில மாதங்களில் எழுதி முடித்தார்கள். 2000 ஜனவரி தொடக்கத்தில் அது வேலைக்கு வந்தது. அதன் பெயர் கோஹா.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் முக்கியம். காசு கொடுத்து எழுதவைத்த மென்பொருளைப் பூட்டி வைத்து விற்கவில்லை; குனு பொது உரிமத்தின் கீழ் உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். கணக்குப்படி பார்த்தாலும் அது புத்திசாலித்தனம். ஒரு சிற்றூர் நூலகத்தால் காலமெல்லாம் நிரலாளரை வைத்துச் சம்பளம் கொடுக்க முடியாது. உலகின் பிற நூலகங்களும் பயன்படுத்தத் தொடங்கினால் திருத்தும் கைகள் பெருகும். பெருகின. இன்று பல ஆயிரம் நூலகங்கள் கோஹாவில் இயங்குகின்றன. தில்லிப் பொது நூலகமும் அதை எடுத்துக்கொண்டது.

நடுவில் ஒரு வம்பும் வந்தது. ‘கோஹா’ என்ற பெயருக்கே நியூசிலாந்தில் வணிகக்குறி உரிமை கேட்டு ஓர் அமெரிக்க நிறுவனம் விண்ணப்பித்தது. 2011-இல் செய்தி வெளிவந்தபோது உலகெங்கும் இருந்து நூலகர்கள் வழக்குச் செலவுக்கு நன்கொடை அனுப்பினார்கள். 2013-இல் தீர்ப்பு நூலகத்தின் பக்கம் வந்தது. பொதுச் சொத்து என்றால் வேலி தாண்டிவர ஆள் இருக்கும். காவலுக்கும் ஆள் வேண்டும் என்பது நம் ஊர் ஏரிக்கரைகளைப் பார்த்தவர்களுக்குப் புதிய செய்தி அல்ல.

நூலகமே தன் மென்பொருளை எழுதிக்கொண்ட கதை அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலும் நடந்தது. அங்குள்ள பொது நூலகத் துறை, 250-க்கு மேற்பட்ட நூலகங்களை ஒரே அட்டையில் இணைக்கச் சந்தையில் சரியான மென்பொருள் கிடைக்காமல், எவர்கிரீன் என்ற மென்பொருளைத் தன் ஆட்களை வைத்தே எழுதி 2006 செப்டம்பரில் ஓட்டிக்காட்டியது. அதுவும் திறமூலம். இந்தியாவிலும் முயற்சி இல்லாமல் இல்லை. ஹைதராபாத்தில் கேசவன் நிலையமும் வெரஸ் சொல்யூஷன்ஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய நியூஜென்லிப், விற்பனைப் பொருளாக இருந்து 2008 ஜனவரியில் திறமூலமானது.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். இலவசமும் திறமூலமும் ஒன்றல்ல. 1980-களிலிருந்து யுனெஸ்கோ வழங்கிய சி.டி.எஸ்./ஐசிஸ் என்ற மென்பொருள் இலவசம், இந்திய நூலகங்கள் பலவற்றில் கணினி நுழைந்ததே அதன் வழியாகத்தான். தேசியத் தகவலியல் மையத்தின் இ-கிரந்தாலயா என்ற நூலக மென்பொருள் அரசு நூலகங்களுக்கு இன்றும் இலவசம். நன்றியோடு பயன்படுத்த வேண்டியவைதான். ஆனால் தமிழ்த் தேடலில் ஒரு பிழை வந்தால், அதை நம் ஊர் பொறியியல் கல்லூரி மாணவி ஒருத்தி திறந்து சரிசெய்ய வழி உண்டா? நிரல் திறந்திருந்தால் மட்டுமே உண்டு.

தமிழ்த் தேடல் என்பது லேசான விஷயமும் அல்ல. 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் தட்டச்சான தமிழ்ப் பட்டியல்கள் பல, ஆளுக்கொரு எழுத்துருவில் கிடந்தன. பாமினி, வானவில், ஸ்ரீலிபி, டிஸ்கி, 1999 தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் வந்த டாம், டாப் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கல்கியின் பெயர்கூடக் கிறுக்கலாகத் தெரியும். 2010-இல்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தன் தரமாக ஏற்று அரசாணை வெளியிட்டது. பழைய பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்ற, கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் எழுதிய கருவிகள் இருக்கின்றன. முத்து அண்ணாமலை 2013-இல் தொடங்கிய ஓபன்-தமிழ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பில் பழைய குறியீடுகள் பலவற்றை மாற்றும் வசதி உண்டு. யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

யூனிகோடுக்கு மாறினாலும் அகரவரிசை தகராறு செய்யும். யூனிகோட்டின் தமிழ்ப் பகுதி, தேவநாகரியை மையமாக வைத்து அமைந்த இஸ்கி வரிசையைப் பின்பற்றியது. அதில் ‘ந’-வுக்கு அடுத்தபடி ‘ன’, ‘ர’-வுக்கு அடுத்தபடி ‘ற’, ‘ள’-வுக்குப் பின்னால் ‘ழ’. கணினி வெறும் குறியீட்டு எண்ணை வைத்து அடுக்கினால் அப்பாவுக்கு முன்னால் அன்னை வந்துவிடுவாள். மலருக்கு முன்னால் மறம். பழத்துக்கு முன்னால் பள்ளி. ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குத் தெரிந்த வரிசை பல லட்ச ரூபாய் மென்பொருளுக்குத் தெரியாமல் போகும். கோஹாவின் தேடுபொறியான ஜீப்ராவும் தானாக இதைச் சரியாகச் செய்துவிடாது, ஐ.சி.யு. என்ற திறமூலத் தொகுப்பை அதில் முறையாக இணைத்து அமைக்க வேண்டும். அமைப்பதற்கான கோப்புகள் கண்முன்னே திறந்து கிடக்கின்றன என்பதுதான் வேறுபாடு. ஒரு மாவட்டத்தில் ஒருவர் சரிசெய்தால் மற்ற மாவட்டங்கள் படியெடுத்துக்கொள்ளலாம்.

நூலகத்தை நடத்தும் மென்பொருள் ஒருபுறம் இருக்கட்டும். நூல்களையே காப்பாற்றிய கதை ஒன்று இலங்கையில் நடந்திருக்கிறது.

1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் இரண்டாவது படி இல்லாதவையும் அவற்றில் இருந்தன. அந்த இழப்பின் நினைவு மறையாத தலைமுறையைச் சேர்ந்த சில இளைஞர்கள் 2005-இல் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கினார்கள். அவர்களிடம் கட்டடம் இல்லை, வரிப்பணம் இல்லை, நாட்டில் போர் வேறு. ஆனால் மீடியாவிக்கி இருந்தது. விக்கிப்பீடியாவை இயக்குகிற அதே திறமூல மென்பொருள். உரிமக் கட்டணம் கேட்டு யாரும் கதவைத் தட்டப்போவதில்லை. ஒரு வழங்கி இருந்தால் போதும். நூல், இதழ், பத்திரிகை, கோயில் மலர், பள்ளி மலர், துண்டுப் பிரசுரம் என்று ஈழத்துத் தமிழில் அச்சேறிய எதையும் மின்வருடி ஏற்றத் தொடங்கினார்கள். இன்று ஆவணங்களின் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒலி, ஒளி, புகைப்படங்களுக்காக அவர்கள் அமைத்த ‘ஆவணகம்’ ஐலண்டோரா என்ற திறமூல மென்பொருளில் இயங்குகிறது. பெரிய நிறுவனம் எதன் தயவும் இல்லாமல் ஒரு சமூகம் தன் எழுத்தை மீட்டுக்கொள்ள இந்த மென்பொருள்கள் எவ்வளவு உதவும் என்பதற்கு, தமிழில் இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு இல்லை.

இந்த வழியில் முதலில் நடந்தவர்கள் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கிய சுவிட்சர்லாந்துவாசி கு.கல்யாணசுந்தரமும் அவருடன் சேர்ந்தவர்களும். பிறகு நம் காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர் வருகிறார்: த.சீனிவாசன். 2012-இல் ‘கணியம்’ இதழ் தொடங்கி லினக்ஸ், பைத்தான், மைசீக்வல் போன்றவற்றைத் தமிழில் எழுத இடம் தந்தவர். 2013-இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் திட்டத்தில் எழுத்தாளர்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தந்த நூற்றுக்கணக்கான மின்னூல்கள் கிடைக்கின்றன. கைப்பேசிக்கு ஒரு வடிவம், கிண்டிலுக்கு ஒன்று, அச்செடுக்க ஒன்று. தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்வருடிய நாட்டுடைமை நூல்கள் ஈராயிரம் வரை விக்கிமூலத்துக்கு வந்தபோது, அந்தப் படங்களை எழுத்தாக மாற்றும் வேலையை விரைவாக்க அவர் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தார். தன்னார்வலர்கள் இன்றும் பக்கம் பக்கமாக மெய்ப்புத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் இணையத்தில் கிடைக்கிறது. கிளை நூலகத்துக்கு நாளிதழ் படிக்க வருகிற பெரியவருக்கு இதில் எத்தனை தெரியும்? இந்த இடைவெளியில்தான் நூலகர் தேவைப்படுகிறார். ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்ற விதி மின்னூலுக்கும் பொருந்தும்; மென்பொருளுக்கும் பொருந்தும்.

மென்பொருளுக்கு எப்படிப் பொருந்தும் என்று பார்க்க, காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிக்கு வருவோம். தறிமேல் ஏறியிருக்கும் ஜக்கார்டு பெட்டியில் தொங்குகிற அட்டைகளைப் பார்த்தே இங்குள்ள பிள்ளைகள் வளர்கிறார்கள். துளை இருந்தால் இழை எழும்பும், இல்லாவிட்டால் கிடக்கும். பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-இல் செய்த ஏற்பாடு அது. அந்த அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் எந்திரத்துக்கும் அட்டை போதும் என்று திட்டமிட்டார். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹோலரித் துளையட்டையில் எண்ணி முடித்தார். அவருடைய தொழில் பின்னாளில் ஐ.பி.எம். ஆயிற்று. ஆக, கணினிக்கு நிரல் எழுதுவது பட்டுத்தறிக்காரர்களுக்கு அந்நியமான வித்தை அல்ல. முந்தியில் அன்னம் வர எந்த அட்டையில் எங்கே துளை என்று கணக்குப் போடுகிறவர் செய்வதும் அதுவே.

ஆனால் இன்று டிசைன் போடும் வேலை கணினிக்குப் போய்விட்டது. வணிக டிசைன் மென்பொருள்களின் உரிமக் கட்டணம் கூலிக்கு நெய்கிற குடும்பத்துக்கு எட்டாது. விளைவு, டிசைன் முதலாளியிடமோ டிசைன் சென்டரிலோ இருக்கும். நெசவாளருக்கு அட்டைக் கட்டு மட்டும் வரும். இந்த நிலைக்கு மாற்றாகவே, முன்பு மீடியா லேப் ஏஷியா என்றிருந்த டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் ‘டிஜிபுனாய்’ என்ற மென்பொருளை உருவாக்கியது. ஜக்கார்டு, டாபி தறிகளுக்கு டிசைன் வரையவே எழுதப்பட்ட திறமூல மென்பொருள் அது. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்று உருவாக்கிய அடாகேட் என்ற நெசவு மென்பொருளும் திறமூலம்தான்.

காஞ்சிபுரத்தில் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் தொழிலில் ஏற்கெனவே இருப்பவர்கள். தறிக்குழியில் உட்கார மாட்டேன் என்று பட்டப்படிப்புக்குப் போன மகளும் மகனும் போகிற இடம் நூலகம். டி.என்.பி.எஸ்.சி. புத்தகத்தோடு காலை முதல் மாலை வரை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நூலகக் கணினி ஒன்றில் டிஜிபுனாய் இருந்தால், அப்பாவின் தறியில் ஓடுகிற புட்டாவை ஒருநாள் திறந்து வரைந்து பார்க்கலாம். வேலை கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. ஒரு கதவு திறக்கும்.

இங்கே நெசவாளர் ஒருவர் எழுந்து கேட்கக்கூடிய கேள்வி தெரிந்ததே: ‘எல்லாத்தையும் திறந்து வெச்சா, எங்க டிசைனை நாளைக்கே பவர்லூம்காரன் எடுத்துப்பான், அப்புறம் நாங்க எங்க போறது?’ பயம் நியாயமானது. சேலைகளைக் கைத்தறிக்கு ஒதுக்கி 1985-இல் சட்டம் வந்த பிறகும், 2005-இல் காஞ்சிப்பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும், போலிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் மென்பொருள் திறந்திருப்பது வேறு, அதில் வரைந்த டிசைன் திறந்திருப்பது வேறு. லிப்ரெஆபீஸ் என்ற திறமூல மென்பொருளில் எழுதிய கடிதம் ஊருக்கெல்லாம் சொந்தமாகிவிடாது. டிசைன் வரைந்தவருடையதே.

இனி சறுக்கல்களையும் பேச வேண்டும். தமிழ்நாட்டில் திறமூலம் முயலப்படாமல் இல்லை. 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சி.உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கு மாறியது. சி-டாக் சென்னை மையம் ‘பாஸ்’ என்ற இந்திய லினக்ஸை 2007-இல் வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே வந்தது. லட்சக்கணக்கான வீடுகளுக்குள் லினக்ஸ் நுழைந்தது. நுழைந்ததோடு சரி. பக்கத்தில் உட்கார்ந்து ‘இதை இப்படித் திற’ என்று காட்ட ஆள் இல்லாத இடத்தில் பிள்ளைகள் பழகிய பக்கமே போனார்கள்.

கேரளம் வேறு வழி பிடித்தது. அங்கே ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் முதலில் ஆசிரியர்களைப் பழக்கியது, பாடநூல் எழுதியது, பத்தாம் வகுப்புக் கணினித் தேர்வையே லினக்ஸில் நடத்தியது. ஸ்பெயினில் பின்தங்கிய பகுதியாக இருந்த எஸ்த்ரமதுரா, 2002-இல் குனுலினெக்ஸ் என்ற சொந்த லினக்ஸை வெளியிட்டுப் பள்ளிகளிலும் ஊர் அறிவு மையங்களிலும் வைத்தது. படம் வரையும் ஜிம்ப் மென்பொருளுக்குத் தங்கள் மண்ணின் ஓவியர் சுர்பரானின் பெயரை இட்டுக்கொண்டார்கள். பாட்டி தாத்தாக்களுக்கு வகுப்பெடுத்த இடங்கள் அவை. இரண்டு இடங்களிலும் கணினியைவிட ஆளுக்கு மதிப்பு கொடுத்தார்கள்.

நம் நூலகத்தில் அந்த ஆள் யார்? ஊர்ப்புற நூலகத்தில் கதவு திறப்பது, கூட்டுவது, நாளிதழ் கட்டுவது, நூல் கொடுத்து வாங்குவது எல்லாமே ஒரே நூலகர். அவர் தலையில் லினக்ஸையும் ஏற்றுவது அநியாயம். ஆனால் நூலகங்களோடு வாசகர் வட்டம் என்ற அமைப்பு இருக்கிறது. ஆயிரம் ரூபாய் கட்டிய புரவலர்கள் இருக்கிறார்கள். வெளியே லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. விழுப்புரம் குழு 2013 முதல் கிராமத்து மாணவர்களுக்கும் அரசுக் கல்லூரி மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுத்து வருகிறது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவினர் ஞாயிறுதோறும் இணையவழியில் தமிழிலேயே கூடிப் பேசுகிறார்கள். கேட்க யாருக்கும் தடையில்லை. கூடுவதற்கு மண்டபம் தேடி அலைகிற குழு ஒருபக்கம், மண்டபம் இருந்தும் கூட்டம் சேராத வாசகர் வட்டம் இன்னொரு பக்கம். இரண்டையும் யாராவது அறிமுகப்படுத்தி வைத்தால் போதும்.

தொடங்க இதைவிட நல்ல சமயமும் வராது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அடுத்த பதிப்பு பழைய கணினிகள் பலவற்றில் ஏறாது. நன்றாக ஓடுகிற கணினியைக் குப்பையில் போடுவதற்குள் அதில் ஒரு லினக்ஸைப் போட்டுப் பார்க்கலாம். இணையம் விட்டுவிட்டு வரும் கிராமத்து நூலகத்தில் கிவிக்ஸ் என்ற திறமூல மென்பொருளை நிறுவி, அதற்கான கோப்பை ஒருமுறை இறக்கி வைத்தால், தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் இணையமே இல்லாமல் திறக்கும். மின்னூல்களை அடுக்க காலிபர் இருக்கிறது; அதை எழுதியவர் கோவிட் கோயல் என்ற இந்தியர். லிப்ரெஆபீஸுக்குத் தமிழ் இடைமுகமே உண்டு. வேலைக்குக் கேட்கிற தட்டச்சு, அலுவலகச் சான்றிதழ்ப் படிப்புகளில் எம்.எஸ். ஆபீஸ்தானே என்றால், ஆமாம். தேர்வெழுதும் பிள்ளைக்கு ஒரு கணினியில் அது இருக்கட்டும். நான்கில் மூன்று மாறினால்கூடப் பெரிய காரியம்.

இந்தத் திறமூல மென்பொருள்களை ஒரு பென்டிரைவில் போட்டு, நூலைப் போலவே பதிவேட்டில் எழுதி, பதினைந்து நாள் இரவல் கொடுக்கலாம். வீட்டில் நகலெடுத்துக்கொண்டு திருப்பித் தந்தால் சட்டப்படி குற்றம் இல்லை. உரிமமே அதை அனுமதிக்கிறது. காஞ்சிபுரம் மாவட்ட மைய நூலகத்திலும் கிளைகளிலும் வாசகர்கள் தங்களுக்கு வேண்டிய நூல்களை எழுதிக் கேட்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. ‘லினக்ஸ் பென்டிரைவ் ஒன்று, கணியம் வெளியிட்ட கையேடு ஒன்று, டிஜிபுனாய் நிறுவிய கணினி ஒன்று’ என்று அதே முறையில் எழுதிக் கொடுத்தால் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அது போகும். வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்துக்கு முன்பே எழுதிவிட்டால், அந்தக் கூட்டத்திலேயே தீர்மானமும் போட்டுவிடலாம்.